ஆபீசரின் கைத்துண்டு

ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் சலவைக் கூடம். மேலே யார் யாரோ புரண்டு படுத்த படுக்கை விரிப்புகள் கீழே வந்து, வெளுத்து, உலர்ந்து, உருளை இயந்திரத்தில் நசுங்கிச் சூடாக எங்கள் மேசைக்கு வரும். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். என் எதிர்முனையைப் பிடிப்பவள் ஆபீசரின் அம்மா. என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்க்கும்படியாகவும் இல்லை, அது வேறு விஷயம்.

ஆபீசர் என்பது அவள் மகன். ஏழு வயது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருப்பான், எவ்வளவு நேரம் நின்றாலும் நம்மைக் கண்டுகொள்ள மாட்டான். அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. பேச்சு கிடையாது. காலை அகட்டி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, இதோ விழுந்தேன் என்கிற மாதிரி நடப்பான். கைகள் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இறக்கை முளைத்தது போலப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

பிறவியிலேயே மரபணுவில் ஏதோ ஒரு சின்னப் பகுதி விட்டுப்போய்விட்டதாம். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருவதாம். "இதுல யார் மேலயும் தப்பில்ல" என்று பெரிய டாக்டர் சொன்னதை அவள் வீட்டில் வந்து சொன்னாள். "யார் மேலயும் இல்லன்னா உன் மேலதான்" என்று மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டு, சின்ன மகன் வீட்டோடு போய்விட்டார். புருஷன் லாரி ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், வீட்டுக்கு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லாமல் இவள் வேலைக்கே தூக்கிவந்தாள். மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் விட்டார். எங்கள் மேசைக்குப் பக்கத்தில், காலியான துணித் தள்ளுவண்டிக்குள் ஆபீசர் வீற்றிருப்பான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி அறை உண்டு. இடம் குறைவு, காத்திருக்கிற கூட்டமோ வாசல்வரை. பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் இடம் கிடைக்கும். அவர் மருத்துவ மாணவர்களுக்கு வாத்தியாரும்கூட. ஆபீசரைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துப்போயிற்று. புத்தகத்தில் போட்டிருப்பது அத்தனையும் இவனிடம் அப்படியே இருக்கிறதாம். "பரீட்சை அன்னைக்குப் பையனைக் கூட்டிட்டு வாம்மா, பயிற்சிக்கு நான் சொல்லிடறேன்" என்றார். கரும்பு தின்னக் கூலியா என்று ஓடினாள் இவள்.

பரீட்சை என்றால் இதுதான். ஆபீசரை ஒரு கட்டிலில் உட்கார வைப்பார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, இது என்ன நோய் என்று பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிள்ளையின் அம்மா நோயின் பெயரை வெளியே விடக் கூடாது. பெரிய டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், "அக்கா, பேரை மட்டும் சொல்லிடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்று காதோரம் கெஞ்சுவார்கள். ஒருவன் அழுதேவிட்டான். இவளா சொல்வாள்? கல்லுளிமங்கி. இவள் ஒரு சொல்லுக்காகப் பிள்ளையிடம் கெஞ்சுகிறாள், டாக்டராகப் போகிறவர்கள் ஒரு சொல்லுக்காக இவளிடம் கெஞ்சினார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

பயிற்சி அறையில் சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன வயசுப் பெண் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் உருப்படியான ஒரே ஆள் அவள்தான் என்பேன். கையில் எதையாவது பிடித்திருந்தால் ஆபீசரின் கைகள் அடங்குகின்றன என்று கண்டுபிடித்தது அவள். ஓட்டலில் கறைபட்டுக் கழித்த கைத்துண்டு ஒன்றைச் சுருட்டி நான்தான் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டால் போதும், பிள்ளை பிள்ளையாக உட்கார்ந்திருப்பான், நாலு வாய் சோறு சிந்தாமல் உள்ளே போகும்.

அடுத்த பாடம் கேட்கக் கற்றுக்கொடுப்பது. "துண்டைக் கண்ணு முன்னாடி காட்டிட்டுக் காத்திருங்க. அவனா கையை நீட்டிக் கேக்கணும். நீட்டினா அந்த நொடியே குடுத்திடணும், யோசிக்கவே கூடாது. கேட்டா கிடைக்கும்னு ஒரே ஒரு தடவை அவனுக்குப் புரிஞ்சிட்டா போதும். அப்புறம் தண்ணி கேப்பான், சோறு கேப்பான், உங்களையே கேப்பான்" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான், கூடத்தில் எல்லோருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இடைவேளையில் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, "இந்தா பாரு, இப்படி நீட்டணும்" என்று ஆளாளுக்கு உள்ளங்கையை நீட்டுவோம். மேற்பார்வையாளர்கூட நீட்டுவார். மேலிருந்து யாராவது எட்டிப் பார்த்திருந்தால் சம்பளம் போதாமல் கூட்டமாகப் பிச்சை எடுக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஆபீசரோ கூரையைப் பார்த்துச் சிரிப்பான். "கேளுடா எமகாதகா, கேட்டுத் தொலையேன்டா" என்று நான் கத்தியிருக்கிறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிறார்கள். அழவே தெரியாத பிள்ளை என்ன செய்யும்? இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

போன பரீட்சையில்தான் வினை வந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டு ஆபீசர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். கையும் அடிக்கவில்லை, சிரிப்பும் குறைவு. மாணவர்கள் திருதிருவென்று விழித்துவிட்டுப் போனார்கள். "என்னம்மா, பையன் ஒண்ணுமே காட்டலையே? கையில எதையாவது குடுத்து அடக்கி வச்சா பசங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றார் பெரிய டாக்டர், சிரித்த முகமாகத்தான். "இதே நோயில இன்னொரு பையன் வந்திருக்கான். அவனுக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுது." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பயிற்சி அறையில் அவர் தரக்கூடிய இடம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. அவர் கெட்டவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருக்கலாம்.

இந்தத் தடவை பரீட்சைக்கு முதல் நாள் விரிப்பின் அந்த முனையிலிருந்து அவள் சொன்னாள்: "நாளைக்குத் துண்டைக் குடுக்கப் போறதில்லக்கா."

"ஏன்டி, புத்தி கெட்டுப்போச்சா? கை கன்னாபின்னான்னு அடிக்குமே."

"அடிக்கட்டும். அதைத்தானே பார்க்கணுங்கறாங்க."

"ரெண்டு வருஷம் உயிரைக் குடுத்து அடக்கினதை நீயே அவுத்து விடப்போறியா?"

"இடம் போச்சுன்னா சொல்லிக்குடுக்க யாருக்கா இருக்கா? பரீட்சைக்கு மட்டும் நோயாளியா இருந்துட்டுப் போகட்டும். மத்த நாளெல்லாம் என் பிள்ளையா இருக்கட்டும்."

ஆத்திரத்தில் இழுத்த இழுப்பில் விரிப்பு அவள் கையைவிட்டு வந்துவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அத்தை என்று சொல்லிக்கொண்டு நானும் உள்ளே போனேன். துண்டு என் பையில் இருந்தது. கட்டிலில் உட்கார வைத்ததுமே ஆபீசரின் கைகள் கிளம்பிவிட்டன. கட்டில் கம்பியில் மோதி மோதி விரல் முட்டிகள் சிவந்தன. பிள்ளை கெக்கெக்கேயென்று சிரித்தான். பெரிய டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களை. வேர்த்து வழிந்துகொண்டிருந்த ஒரு மாணவி வந்து, காலைப் பார்த்தாள், தலையை அளந்தாள், ஒவ்வொன்றாகச் சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்போது ஆபீசர் சிரிப்பை நிறுத்தினான்.

என் பையின் வாயில் துண்டின் ஓரம் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். கூரையை அல்ல, அவள் முகத்தை. அடித்துக்கொண்டிருந்த வலது கை மெதுவாகக் கீழே இறங்கியது. திரும்பியது. உள்ளங்கை மேலே தெரிய, ஐந்து விரலும் விரிய, அவளை நோக்கி நீண்டு நின்றது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இல்லை என்று எந்தப் படித்தவன் வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் கை தானாகப் பைக்குள் போயிற்று. அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கையைக் கவனிங்க" என்றார் பெரிய டாக்டர். "இதை எப்படிச் சொல்வீங்க?"

"நோக்கமில்லாத அசைவு சார்" என்றாள் மாணவி.

"கரெக்ட். எதையோ கேக்கற மாதிரி தெரியும். ஏமாந்துடக் கூடாது."

நோயின் பெயரைச் சொல்லாமல் பழகிய வாயை அவள் அன்றும் திறக்கவில்லை. பிள்ளையின் கை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் விரல்கள் மடங்கின. பிறகு பழையபடி படபடக்க ஆரம்பித்தது. மாணவி பாஸ்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததுதான் தாமதம், என் பையிலிருந்து துண்டைப் பிடுங்கி அவன் கண் முன்னால் காட்டினாள். "கேளுடா ராசா, அம்மா குடுக்கறேன். இப்பக் கேளு." ஆபீசர் கூரை விளக்கைப் பார்த்துச் சிரித்தான். தரை துடைக்க வந்த ஆயா நகரச் சொல்லும்வரை அவள் முட்டிபோட்டு அப்படியே காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் துண்டை அவன் கையில் திணித்தாள். கைகள் அடங்கின.

இடம் போகவில்லை. அடுத்த வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொண்ணு என்னடி சொல்லிச்சு?"

"வீட்டுலயாவது எப்பவாவது கையை நீட்டினானான்னு கேட்டுச்சு. ஒரே ஒரு தடவை நீட்டியிருந்தாக்கூட போதுமாம், அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போயிடலாமாம்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் நீட்டலன்னு சொல்லிட்டேன்."

"அடிப் பாவி, ஏன்டி மறைச்சே?"

அவள் முனையோடு முனை சேர்த்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"குடுத்தீங்களான்னு கேப்பாங்கக்கா."