ஈரக் காலுறைகள்

மீன் பதனிடும் கூடத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பனிக்கட்டிக்குள் கைவிட்டு இறால் பிரிக்கும் பெண்களுக்கு அவள் பேச்சுதான் குளிர்காயும் நெருப்பு. சில நாட்களாக அந்தப் பேச்சு அடங்கிக் கிடந்தது.

கால்விரல்கள் சிவந்து, ஊதா நிறத்தில் தடித்திருந்தன. கூடத்து ஈரத்தில் மரத்துக் கிடக்கும். வீட்டுக்கு வந்து உடம்பில் சூடேறியதும் அரித்து எரியும். சொன்னால் கணவர் வேலையை விடச் சொல்வார் என்று வீட்டுக்குள்ளும் காலுறையோடு நடந்தாள். ஆனால் அவர் தையல்காரர், அவர் கண்ணுக்குத் தப்புமா?

"காலை நீட்டு," என்றார் ஒரு மாலை.

"எறும்பு கடிச்சதுங்க."

"எல்லா விரலையும் முறை வச்சுக் கடிச்சுதா?"

காலுறையைக் கழற்றிப் பார்த்தவர் பதறிப்போய், ஆவி பறக்க ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்தார். மாடி அறையில் குடியிருந்த அவர் தங்கை, நர்ஸ் வேலை பார்ப்பவள், சத்தம் கேட்டு இறங்கி வந்தாள்.

"வேண்டாம்ணா. மரத்த கால்ல சூடு தெரியாது, வெந்துடும்." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "குளிரும் ஈரமும் பண்ற வேலை அண்ணி இது. தேய்க்காதீங்க, சொறியாதீங்க. ஒத்தித் துடைச்சு, கம்பளில மூடுங்க. மெதுவா சூடாகட்டும். புண்ணாச்சுன்னா டாக்டர்கிட்ட போயிடணும்."

கணவர் அவள் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய பருத்தித் துணியால் விரலிடுக்குகளை ஒத்தினார். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். பிறகு வாசலில் கிடந்த ரப்பர் பூட்ஸை எடுத்து அவள் பாதத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இது உனக்குச் சின்னதும்மா. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறேன், பொண்டாட்டி கால் அளவு தெரியாமப் போச்சே."

"கூடத்துல குடுத்தப்போ மிச்சம் இருந்தது அதுதாங்க," என்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் இடைவேளையில் எல்லோர் முன்னும் பூட்ஸைக் கழற்றிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவள் தன் பூட்ஸையும் உருவினாள், பிறகு இன்னொருத்தி. அதே ஊதா, அதே தடிப்பு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று மறைத்திருந்தாள். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு எத்தனை பேர் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போனார்.

அந்த மாதத்துக்குள் நிற்க மரப்பலகைகள் வந்தன, அளவான பூட்ஸ் வந்தது, நடுவில் காலுறை மாற்ற நேரமும் கிடைத்தது. அவளுக்கு வீக்கம் வடிந்தது. சுண்டுவிரல் மட்டும் புண்ணாகி, டாக்டர் மருந்துக்குப் பிறகே ஆறியது. அதுவரை மாலைதோறும், அவள் வேண்டாம் என்றாலும், கணவர் மடியில் துணியை விரித்துக்கொண்டு காத்திருந்தார்.