காதறுந்தவனின் எல்லை

ஜுன்னர் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்ந்த ஷேவந்தா கேதாரிக்குச் சிறுத்தை புதிதல்ல. ஒரு காது அறுந்த ஆண் சிறுத்தை பல வருடங்களாக அந்தப் பகுதியைத் தன் எல்லையாக வைத்திருந்தது. வாய்க்கால் கரையோடு வரும். புளிய மரத்தில் நகத்தால் கீறும். வாகோபா என்னும் புலிச்சாமியின் கல்லைத் தாண்டி ஓடைக்குள் இறங்கிவிடும். வழியில் நாய் கிடைத்தால் நாய். ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகும்.

ஒரு மழைக்காலத்தில் அது ஷேவந்தாவின் சினை ஆட்டைத் தூக்கிப்போனது. புருஷன் செத்தபின் ஆடுகளை வைத்துத்தான் அவள் இரண்டு பையன்களை வளர்த்திருந்தாள். ஊரைக் கூட்டிக் கூண்டு கேட்டவள் அவள். உள்ளே கட்டுவதற்குக் கிடாயைக் கொடுத்தவளும் அவளே. காதறுந்தவன் மாட்டினான். வனக்காவலர் கோண்டிபா அவனை வண்டியில் ஏற்றி மலைகளுக்கு அப்பால் விட்டுவந்தார். புலிச்சாமியின் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஷேவந்தா அதே புலிச்சாமிக்குச் செந்தூரம் பூசித் தேங்காய் உடைத்தாள்.

காலியான இடத்துக்கு இரண்டு இளவட்டச் சிறுத்தைகள் வந்தன. யாருக்கு எந்த ஓடை, எந்த வரப்பில் ஆள் நடக்கும் என்று எதுவும் அவற்றுக்குத் தெரியாது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பட்டப்பகலில் அலைந்தன. ஷேவந்தாவின் மூத்த மகன் தத்து குனிந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். அவற்றில் ஒன்று அவன் பின்கழுத்தில் பாய்ந்தது. ஷேவந்தா கஞ்சிப் பானையோடு போய்ச் சேர்ந்தபோது அரிவாள் மட்டும் வரப்பில் கிடந்தது.

அடுத்த வருடம் புளிய மரத்தில் புதுக் கீறல். வாய்க்கால் மதகின் மேல் காதறுந்தவன் படுத்திருந்ததை அவளே பார்த்தாள். அத்தனை மலை தாண்டி நடந்தே வந்திருந்தான். இளவட்டங்களின் தடம் அதன்பின் தென்படவில்லை. இளைய மகன் கிசனை அவள் மறுபடி கரும்புக்குள் அனுப்பினாள்.

ஆனால் ஊருக்குச் சிறுத்தை என்றால் சிறுத்தைதான். கூண்டு மறுபடி வந்தது.

"மாவ்ஷி, ஆடு ஒண்ணு குடுங்க," என்றார் கோண்டிபா.

"ஆடா? எல்லாத்தையும் வித்தாச்சு."

கொட்டகைக்குள்ளிருந்து ஆடு கத்தியது.

"வித்த ஆடு நல்லாத்தான் கத்துது," என்றாள் பக்கத்து வீட்டு ஹௌசா. "அன்னைக்கு ஊரைக் கூட்டினவ நீதானேடி?"

"கூட்டினேன். அதுக்குப் புள்ளையக் குடுத்தேன். இவன் இருக்கட்டும்டி. இவன் இருந்தா அந்த ரெண்டும் இந்தப் பக்கம் வராது."

"எம் பேத்தி முற்றத்துல விளையாடுறா. உன் காதறுந்தவன் எனக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவானா?"

ஷேவந்தா கீழே பார்த்தாள். பேத்தியின் கை ஹௌசாவின் சேலையைப் பிடித்திருந்தது. ஹௌசா தன் வீட்டு ஆட்டை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கூண்டைச் சுற்றிக் கூட்டம். ஷேவந்தா விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கம்பியில் முட்டி முட்டிச் சிறுத்தையின் நெற்றி கிழிந்திருந்தது. ரத்தத்துக்கு மேலே ஒரு காதுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கிசன் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பிடுங்கிக் கூரையில் செருகினாள்.

"கரும்பு காயுது ஆயி. எத்தனை நாளைக்கு வெட்டாம இருக்கிறது?"

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பாக்ரி ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். அவன் திரும்பவும் கேட்டான்.