சுபநேரத்தில் எழும்பாத சேர்வர்

இரண்டு வருடங்களுக்கு முன் சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்தும் முடியாத ஒரு பிற்பகல். கண்டி நகரத்தில் உள்ள ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

லீவுக்குப் போகும்போது முதலாளி எல்லாப் பிளக்கையும் கழற்றச் சொல்லியிருக்கிறார். வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓடிய தலைமைக் கணினியான சேர்வரையும் சேர்த்துத்தான். அந்த ஒரே பெட்டிக்குள் நாலைந்து கணினிகள் மென்பொருளாகக் குடியிருந்தன. ரிப்போர்ட், பில், கெமரா எல்லாம் அதற்குள். அன்று சுபநேரம் பார்த்து, விளக்கேற்றி சுவிட்சைப் போட்டிருக்கிறார். தொடங்க டிஸ்க்கே இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டுப் பெட்டி சும்மா நின்றது.

நான் உள்ளே நுழையும்போது ஒரு அம்மா கவுண்டரில் கேட்டுக்கொண்டிருந்தார். "ரிப்பேர் பண்ற சேர் எப்ப வருவாரு?" நான்தான் அந்த சேர் என்றேன். பொம்பளப் புள்ளையா என்பதுபோல் ஏற இறங்கப் பார்த்தார். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். மறுநாள் காலை அவர் கணவருக்கு ஒப்பரேசன். அன்றைக்கே அவருடைய இரத்த ரிப்போர்ட் வார்டுக்குப் போகாவிட்டால் திகதி தள்ளிப்போகுமாம்.

டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன். பிறகு பார்த்தால் பெட்டியின் கடிகாரம் ஏதோ பழைய வருடத்தைக் காட்டியது. கரண்ட் இல்லாதபோது செட்டிங்கை நினைவில் வைத்திருக்கும் காசு அளவுப் பேட்டரிதான் செத்திருந்தது. பிளக் இருந்தவரை அது தெரியவில்லை. கழற்றியதும் டிஸ்க்கை எப்படிப் படிப்பது என்பதையே பெட்டி மறந்துவிட்டது. செட்டிங்கைத் திருத்தினேன், எழும்பத் தொடங்கியது. அப்பாடா என்பதற்குள் இடி இடித்துக் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸும் லீவில் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. கரண்ட் வந்தபோது பெட்டி பழையபடி எல்லாவற்றையும் மறந்திருந்தது. திருத்தினேன். மறுபடி கரண்ட் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பேட்டரி வாங்கலாம் என்றால் கடையெல்லாம் பூட்டு. தெரிந்த கடைக்காரர் ஒருவர் திகனயில் விருந்தில் இருந்தார், இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. இதற்குள் முதலாளி வேறு, மாலையில் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது, பொறுப்போமா என்றார். "சேர், இந்தப் பெட்டிக்கு ராகுகாலம் எல்லாம் தெரியாது!" என்று கத்தியே விட்டேன்.

அந்த அம்மா எழுந்து வந்தார். "போன்ல வட்டமா, காசு மாதிரினு சொன்னீங்களே புள்ள, இதா பாருங்க?" பையிலிருந்து இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷினை எடுத்து மூடியைத் திறந்தார். அதே பேட்டரி.

"அப்ப நீங்க எப்படி சீனி பாப்பீங்க?"

"இன்னைக்கி ஏறித்தான் இருக்கும். அத பாத்து வேற தெரிஞ்சுக்கணுமா?"

பேட்டரியைப் போட்டுச் செட்டிங்கைத் திருத்திய கையோடு கரண்ட் மறுபடி போனது. ஆனால் இந்த முறை கரண்ட் வந்ததும் பெட்டி தானாகவே எழும்பியது. மை காய்வதற்குள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கடைகள் திறந்ததும் புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டு வார்டுக்கே போனேன். ஒப்பரேசன் முடிந்து அவர் கணவர் கண் விழித்திருந்தார். அந்த அம்மா அப்போதும் சீனி பார்த்திருக்கவில்லை. மெஷினில் பேட்டரியைப் போட்டு, பக்கத்தில் நின்று பார்க்க வைத்தேன். ஏறித்தான் இருந்தது.

நல்ல நேரத்தில் போட்டதால்தான் சேர்வர் தப்பியது என்று முதலாளி இன்றும் சொல்லித் திரிகிறார். கேட்க எரிச்சலாக இருந்தாலும் நான் மறுப்பதில்லை, ஏனென்றால் அந்த அம்மா தன் பையைத் திறந்த நேரத்தைவிட நல்ல நேரம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.