வளைந்த ரெக்கார்டு

என் தம்பியின் பேரன் மின்சாரக் கிதார் ஒன்று வாங்கியிருக்கிறான். சென்ற வாரம் அதை மடியில் கிடத்திக்கொண்டு, தந்திகளுக்குக் கீழே இருக்கும் காந்தப் பட்டையின் திருகுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். பட்டை தந்திக்கு எவ்வளவு அருகே வருகிறதோ அவ்வளவு நல்ல நாதம் வரும் என்பது அவன் சித்தாந்தம். வெறும் தந்தியில் இடைவெளியை அளந்து பயனில்லை, கடைசி மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளக்க வேண்டும் என்று நான் சொன்னேன். எண்பது தாண்டியவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தான். முப்பத்து நான்கு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவளுக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்று சொல்லிவைத்தேன். அது பொய். இந்த ஒரு நடைமுறையை நான் எட்டு வயதில், மலையாளச் சீமையில் கரமனை அக்கிரகாரத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் கற்றேன்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். சித்தப்பா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தார். அங்கே பழுதான கருவிகளை ஏலம் விட்டபோது, ஒரு கூடை நிறைய காது வைத்துக் கேட்கும் குமிழ்களை எடுத்துவந்தார். கழித்த சாமான்களை முறைப்படி ஏலத்தில் எடுத்து, அதற்கான சீட்டையும் பத்திரமாக வைத்திருந்த ஒரே மனிதரை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். பிற்பாடு என் ஆபீசில் தேடியும் இன்னொருவர் அகப்படவில்லை.

அந்தக் குமிழுக்குள் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். அவற்றை எடுத்து ஒரு மரப்பட்டையில் வரிசையாகப் பதித்து, இரண்டு முனையிலும் பித்தளைத் திருகு வைத்து, அத்தையின் வீணையில் கடைசி மெட்டுக்கும் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே தந்திகளுக்கு அடியில் பொருத்தினார் சித்தப்பா. அதிலிருந்து ஒரு கம்பி கிளம்பி, ஒட்டினாற்போல் இருந்த ஏழு வீட்டு ஓட்டுக் கூரைகளின்மேல் ஊர்ந்து, தெருக்கோடியில் பஜனை மடத்தில் இறங்கியது. நவராத்திரிக்காகப் பழவங்காடிக் கடையிலிருந்து வாடகைக்கு வந்திருந்த மைக் செட்டில் அது முடிந்தது.

அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. பதினேழு வயதில் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அவள் பொட்டில்லாமல் நார்மடிப் புடவை உடுத்துவதும், பின்கட்டு அறையில் இருப்பதும், கொலு வைத்த கூடத்துப் பக்கம் வராததும் எனக்குக் கிணறு கொல்லையில் இருப்பதுபோல் இயல்பான விஷயங்கள். அத்தைக்கு ஒரு மாமா இருந்திருக்க வேண்டுமே என்று நான் யோசித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

மடத்தில் விளக்கேற்றிய பிறகு, கச்சேரி வித்வான் வந்து சேரும்வரை அரை மணி நேரம் கிராமபோன் ரெக்கார்டு போடுவது வழக்கம். மெட்ராஸிலிருந்து அருமையான வீணை ரெக்கார்டுகள் வந்திருக்கின்றன, இந்த வருஷம் நானே போடுகிறேன் என்று சித்தப்பா மடத்துச் செகரெட்டரி மாமாவிடம் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். கடைசி நாளில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தப் போகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பொருத்திய அன்றே சங்கடம் தொடங்கியது. வீணையின் கீழ்த்தந்திகள் இரண்டும் பித்தளை. காந்தத்துக்குப் பித்தளை என்று ஒன்று இருப்பதே தெரியாது. சித்தப்பா அவற்றைக் கழற்றிவிட்டுத் தடித்த எஃகுத் தந்தி கட்டினார்.

"வாளிப் பிடியை மீட்டற மாதிரி இருக்குடா," என்றாள் அத்தை.

"ரெண்டு நாள் வாசி, பழகிடும்."

"எனக்குப் பழகும். வாளிக்குப் பழகணுமே."

அடுத்தது உயரம். நாலு தபால் கார்டு நுழையும் இடைவெளி விட்டுப் பட்டையைத் தந்திக்கு மிக அருகே ஏற்றினார் சித்தப்பா. சத்தம் மடம் வரைக்கும் போக வேண்டுமல்லவா. அத்தை ஸரளி இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினாள். "உன் காந்தம் தந்தியைப் பிடிச்சு இழுக்கறது. நான் ஒரு ஸ்வரம் வாசிச்சா அது ஒண்ணரை ஸ்வரம் பேசறது."

"நீ கிட்டக்க இருந்து கேக்கற அக்கா. தூரத்துல சரியா இருக்கும்."

தூரத்தில் சரியாக இல்லை. முதல் நாள் மடத்தில் கிராமபோன் பெட்டியை எல்லாரும் பார்க்கும்படி வைத்து, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காகச் சாவி கொடுத்தார் சித்தப்பா. மைக் செட்டின் குழாயிலிருந்து வந்த வீணை ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்திலும் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் நெளிந்தது. கமகத்துக்காகத் தந்தியை இழுத்தால் நடுவிலேயே காணாமல் போயிற்று. செகரெட்டரி மாமா சங்கீதத்தில் கறாரான மனிதர். வித்வான்களே அவர் புருவத்தைப் பார்த்துத்தான் ராகத்தை முடிப்பார்கள்.

"உம்ம ரெக்கார்டு வெயில்ல வளைஞ்சு போயிருக்கு, கேட்டீரா," என்றார். "நாளைக்கும் இதே கதைன்னா வேண்டாம். நாகஸ்வரம் ரெக்கார்டு மடத்துலயே இருக்கு."

அதாவது, மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி. சித்தப்பா வீட்டுக்கு வந்து பின்கட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பட்டையை இறக்கினால் சத்தம் குறையும். சத்தத்தைக் கூட்ட மைக் செட்டின் குமிழைத் திருப்பினால், குழாயில் வண்டு புகுந்ததுபோல் ஓர் இரைச்சல் எழும். இரண்டையும் அவர் அன்று மதியமே சோதித்துவிட்டிருந்தார். கம்பியைச் சுருட்டிவிடலாம் என்றார்.

 மறுநாள் காலை அத்தை மடிச்சமையலை முடித்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்தாள். கடைசி மெட்டில் தந்தியை இடது கையால் அழுத்தினாள். தந்தி அங்கேதான் காந்தத்துக்கு மிக அருகே தாழ்கிறது. பட்டையைக் கால் திருகு இறக்கினாள், மீட்டினாள், காதை வீணையின் குடத்தோடு வைத்துக் கேட்டாள். மறுபடி கால் திருகு. நெளிவு எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தவில்லை. அதற்கும் கொஞ்சம் கீழே கொண்டுபோனாள். தடித்த தந்திகள் மற்றவற்றை அமுக்கிப் பேசியதால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்றுத் தாழ்த்தினாள். நான் தபால் கார்டுகளை நுழைத்து எண்ணினேன். மெல்லிய தந்திப் பக்கம் ஒன்பது, தடித்த பக்கம் பதினொன்று.

"இப்போ மடத்துக்குப் போய் அந்த வண்டை விடு," என்றாள் சித்தப்பாவிடம்.

"அக்கா, அது இரைச்சல்."

"தெரியும். விடு."

சித்தப்பா போய்க் குமிழைத் திருப்பினார். ஏழு வீட்டுக் கூரையைத் தாண்டி, 'ம்ம்ம்' என்று ஏறாமல் இறங்காமல் ஒரே கோடாக அந்த ஓசை பின்கட்டுக்கு வந்தது. அத்தை கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு பிரடைகளைத் திருகி, வீணையின் ஸ்ருதியையே அந்த இரைச்சலோடு சேர்த்தாள். வண்டு அந்தக் கணமே தம்பூராவாகிவிட்டது. அதற்குப்பின் எத்தனையோ பெரிய மனிதர்கள் எத்தனையோ சிக்கல்களைக் கோப்பில் குறிப்பெழுதித் தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன். போக்க முடியாத ஒரு குறையை மரியாதையாக உட்காரவைத்து வேலை வாங்கியவளை அன்று ஒருமுறைதான் பார்த்தேன்.

அன்று மாலை நான் மடத்தில் குழாயின் அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வீணை ஒரு பிசிறில்லாமல் வந்தது. இழுத்த ஸ்வரங்கள் இழுத்த இடத்தில் நின்றன. பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை விட்டார்கள். முடிந்ததும் செகரெட்டரி மாமா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "இன்னிக்கு ரெக்கார்டு வளையலை. வளரெ நன்னாருக்கு," என்றார் மலையாளம் கலந்து.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெக்கார்டு இல்லை மாமா. எங்க அத்தை."

பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். மாமா மட்டும் என்னைப் பார்த்தார். "ரெக்கார்டுதான்டி கொழந்தே."

"இல்லை மாமா. பின்கட்டுலேர்ந்து கம்பி வரது. வேணும்னா காட்டறேன்."

"கம்பியெல்லாம் எனக்கெதுக்கு? ரெக்கார்டுன்னா ரெக்கார்டு." பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாக்கி ஏழு நாளும் இதே போடணும்னு சித்தப்பாகிட்ட பறை. அப்பறம், முடியும்னா நாளைக்கு அந்த ரெக்கார்டைத் தோடி கொஞ்சம் விஸ்தாரமா வாசிக்கச் சொல்லு."

நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். ரகசியத்தை உடைத்த பயம் ஒரு பங்கு. உடைத்தும் அவர் நம்பாத அவமானம் மூன்று பங்கு. அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"தோடியா கேட்டார்?"

"ஆமா. விஸ்தாரமா. அந்த மாமாவுக்கு ஒண்ணும் தெரியலை அத்தை."

"அவரே கேட்டாரா?" என்றாள் இன்னொரு முறை. கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீணைக்கு உறை போடத் தொடங்கினாள். அந்த உறையை முடிச்சுப் போட அன்று அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

மூன்றாம் நாள் தோடி வந்தது. அரை மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லை. கச்சேரி வித்வான் வந்துவிட்டார். செகரெட்டரி மாமா விரலை உதட்டில் வைத்துக் காட்டவும், பக்கவாத்தியக்காரர்களோடு வாசலிலேயே நின்றார். அப்பா கடைசி வரிசையில் மடித்த பத்திரிகையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய், ஏழு வீடு தள்ளி இருப்பவளை இங்கே வந்து உட்கார் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வாயில்லை. எழுந்து வீட்டுக்குப் போகவும் ஒருவருக்கும் மனமில்லை.

கிராமபோன் பெட்டி எல்லாருக்கும் முன்னால், மூடியது மூடியபடி இருந்தது. சித்தப்பா கண்ணை மூடியிருந்தார். சாவி கொடுக்கவே மறந்துவிட்டார். ஒரு ரெக்கார்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பது எனக்கே தெரியும். இத்தனை பெரியவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியவில்லையே, எங்கள் தெருவில் இவ்வளவு மக்குகளா என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.