அடிக்காமல் விட்ட சொல்

இங்கிலீஷ்காரனுக்கு எதற்கும் ஒரு சொல் போதாது. பார்ப்பதற்கு மூன்று, வீட்டுக்கு இரண்டு. எங்கள் டீச்சர் வாரம் ஒரு நாள் இப்படி ஒட்டிப் பிறந்த சொற்களைக் கரும்பலகையில் ஜோடி ஜோடியாக எழுதிப் போடுவார். வித்தியாசம் சொல்ல வேண்டும். அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அண்ணன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்கும் வேலையில் இருந்தான். அப்பா இல்லாத வீட்டுக்கு அவன்தான் எல்லாம். காசம் வந்து நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "முழுசா குணமாவாம நீ கரி பக்கம் போனா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வீடு திரும்பிய அன்று ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் கொடுத்தான். அதில் 'க்யூர்ட்' தொடங்கி 'எக்ஸ்பயர்ட்' வரை நான்கு சொற்கள் அச்சாகியிருந்தன. டாக்டர் மூன்றை அடித்துவிட்டு ஒன்றை விட்டிருந்தார். 'க்யூர்ட்' அடிபட்டிருந்தது. விட்டிருந்தது 'ரிலீவ்ட்'. முன்னது, நோய் போய்விட்டது. பின்னது, உபத்திரவம் குறைந்திருக்கிறது, நோய் உள்ளேயே இருக்கிறது. டீச்சர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

"இன்னாமா போட்டுக்கீது?" என்று கேட்டது அம்மா. கையெல்லாம் மீன் செதில். அவன் வருகிறான் என்று எங்கேயோ கடன் கேட்டு வஞ்சிரம் வாங்கியிருந்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குணமாயிடுச்சாம்" என்றேன்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் முழுசாகத் தெரிந்தவள்.

அடுத்த வாரமே அவன் கரிக்கூடையைத் தூக்கினான். ஐப்பசி மழையில் ரத்தம் கக்கினான். பழைய வார்டிலேயே சேர்த்தோம். அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்த நேரம், எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, அந்தச் சீட்டுல குணம்னு போடல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும் பாப்பா. கரி வேலைக்குப் போவாதன்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ சொன்னதும் அம்மா சிரிச்சுது பாரு. நானும் கம்முனு இருந்துக்கினேன். அதுகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருந்தது என்பதால் என் பாவம் பாதியாகிவிடவும் இல்லை. வாயைத் திறந்தவள் நான்.

ஐந்தாம் நாள் காலையில் அவனை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு எங்களிடம் ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதே அச்சு, அதே நான்கு சொற்கள். மாரில் அடித்துக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்ததும் நிறுத்தினாள். சீட்டை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"நல்லா பாத்துச் சொல்லுமா. அன்னிக்கு சொன்னியே, அந்த மாரி சொல்லு."

அடிக்காமல் விட்டிருந்தது நான்காவது சொல். அதை அப்படியே படித்துச் சொன்னேன்.