அடிப்பக்கம் மட்டும் நிறுத்த கார்

மைசூர் மரக் கிடங்கில் எடை குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு விதியைச் சொல்லித் தந்தார்கள். எங்கள் எடைமேடை மாட்டுவண்டிக்காகப் போட்டது. நீண்ட மரங்கள் அதில் அடங்காது. அதனால் மரத்தின் இரு முனைக்கும் சக்கரம் கொடுத்து, ஒரு முனையை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்து, வந்த எடையை இரட்டிக்க வேண்டும். எந்த முனை என்று கேட்டேன். அடிப்பக்கம் என்றார் சூப்ரண்டு. மரம் அடியில் பருத்து நுனியில் சிறுத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எடைக்கு விற்கும் கிடங்குக்கு அது வசதி, அவ்வளவுதான்.

அந்த நாளில் கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் சிலருக்கு மலைச் சாலையில் பந்தயம் விடுவது பொழுதுபோக்கு. அவர்களில் ஒருவர் காபி வியாபாரி, சூப்ரண்டின் சிநேகிதர். அவருடைய மெக்கானிக் மாரியப்பன் ராமாபுரத்துக்காரர். கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் மனைவி, மக்களோடு குடியிருந்தார். முதலாளியின் பழைய காரில் கதவு, பின் சீட், கூரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்தை மெல்லிய பலகையால் அடைத்திருந்தார். ஒரு டன்னுக்கு மேல் போனால் சின்ன வண்டிகளின் பந்தயத்தில் இடமில்லை. போனால் உனக்கும் இங்கே இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

பந்தயத்துக்காக எங்கள் கிடங்கில் காரை எடை போடும் நாளில் முதலாளி தன் நண்பர்களையும் அழைத்து வந்திருந்தார். மாரியப்பன் சக்கரத்து மண்ணைக்கூடக் கழுவியிருந்தார். மேடையும் தரையும் ஒரே மட்டமா என்று குனிந்து பார்த்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, வண்டியில் யாரும் உட்காரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். கார் முழுதும் மேடையில் அடங்காததால் முன் சக்கரங்கள் மட்டும் ஏறின. நான் எடையைப் படித்தேன். சூப்ரண்டு அங்கேயே இரட்டித்து, ஒரு டன்னுக்கு மேல் என்று அறிவித்தார்.

மாரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி, இஞ்சின் கனமெல்லாம் முன்னாலதானுங்க. பின்னால வெறும் பலகை. பின் சக்கரத்தையும் ஏத்திப் பாத்துக் கூட்டுங்க."

நானும் அதையே சொன்னேன். சூப்ரண்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

"அடிப்பக்கம் நிறுத்து ரெட்டிக்கறதுதான் இங்க வழக்கம். ஊருக்கெல்லாம் ஒரு வழக்கம், உனக்கு மட்டும் தனி வழக்கமா?"

நண்பர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மாரியப்பனின் பிழைப்பைக் கெடுத்தது. அன்று மாலைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார் முதலாளி. பாத்திர மூட்டையோடு அந்தக் குடும்பம் ராமாபுரம் போகக் கொள்ளேகால் பஸ்ஸுக்கு நின்றதை வீடு திரும்பும் வழியில் பார்த்தேன்.

சில வாரங்கள் கழித்து அதே கார் மறுபடி வந்தது. சென்னையில் ஒருவருக்கு விற்றாகிவிட்டது. ரயிலில் அனுப்ப எடை வேண்டும். இரட்டித்த கணக்கு ரயில்வேயில் செல்லாது. சூப்ரண்டே என்னிடம் இரண்டு பக்கமும் நிறுக்கச் சொன்னார், வழக்கத்தைப் பற்றி மூச்சு விடாமல். முன்பக்கத்தில் பாதிகூடப் பின்பக்கம் இல்லை. கூட்டினால் ஒரு டன்னுக்கு வெகுவாகக் கீழே.

முதலாளிக்குச் சந்தோஷம். சரக்குக் கூலி குறைந்ததே. அப்படியானால் மாரியப்பனைத் திரும்ப அழைக்கலாமே என்றேன்.

"அவன் இடத்துல ஆள் வெச்சாச்சுப்பா. இப்போ கூப்பிட்டா சூப்ரண்டு என்ன நினைப்பார்? நாளைக்கு எங்க வீட்லதான் அவருக்குச் சாப்பாடு."

எடை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மேடையை மட்டமாக வையுங்கள், பிரேக்கைத் தளர்த்துங்கள், இரண்டு பக்கமும் நிறுத்துக் கூட்டுங்கள். சரியான எடை கிடைக்கும். அதனால் ஒருவனுக்கு நியாயமும் கிடைத்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். மாரியப்பன் கட்டிய காரின் சரியான எடை சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. ராமாபுரத்துக்கு அதைச் சொல்லி அனுப்பக்கூட எவனுக்கும் தோன்றவில்லை.