கொக்கியில் தொங்கும் பொருளாதாரம்

கத்தியைத் தீட்டிக்கொண்டே ஒரின்குல் அக்கா கேலிச்சித்திரத்தைப் பார்க்கிறார். வியாழக்கிழமை வார இதழ் வந்ததும் அதன் கடைசிப் பக்கம் அவர் கடைக் கொக்கியில் ஏறிவிடும். ஆட்டுத் தொடைக்கும் ஈரலுக்கும் நடுவில் நாட்டு நிலவரம் ஆடிக்கொண்டிருக்கும். கால் கிலோ கொழுப்பு வாங்க வந்தவர்கூட விளக்கம் கேட்காமல் நகர முடியாது. இந்தக் கஸாக் ஊர்ச் சந்தையில் எதிரே உலர்ந்த தயிருருண்டை விற்கும் எனக்குப் பதினோரு வருடமாக இந்தப் பாடம் இலவசம்.

படத்தை அவர் ஆட்டைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார். யாருக்குக் கொழுப்பு, யாருக்கு விலா தெரிகிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். போன மாதம் விலைவாசியை மலையேறும் ஒட்டகமாக வரைந்திருந்தார்கள். "பாவம், மூச்சு வாங்குது" என்றேன்.

"மூச்சாவது வாங்குறதாவது! திமில் ரெண்டும் எப்படி நிமிர்ந்து நிக்குது பாரு. தீனி இல்லாத ஒட்டகத்துக்குத் திமில் சரிஞ்சு தொங்கும். இது நல்லாத் தின்னுட்டுத்தான் ஏறுது. தீனி யாருன்னு கேக்குறியா? நீயும் நானும்தான்" என்றார். அமைச்சர்கள் ஒரு மணி நேரம் பேசினாலும் எனக்கு இவ்வளவு புரிந்ததில்லை.

போன வியாழக்கிழமைப் படம்தான் வில்லங்கம். வரைந்தவர் பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர் ஷாய்மெர்தென். பெரிய தட்டில் அவித்த ஆட்டுத்தலை, அதன் நெற்றியில் 'மாவட்ட நிதி' என்று எழுத்து. தொப்பைக்காரர் ஒருவர் அதை அறுக்கிறார். சுற்றிலும் வெறுங்கிண்ணத்தோடு சனம். தொப்பைக்காரரின் இடது கன்னத்தில் ஒரு மச்சம். எங்கள் மாவட்டத் தலைவருக்கும் அதே இடத்தில் அதே மச்சம் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"தலைய விடு. மீதி ஆடு எங்க?" என்றார் அக்கா. "சப்பை, தொடை ஒண்ணையும் காணோமே. படத்துக்கு வெளியவே பங்கு போட்டு முடிச்சுட்டானுங்க!"

சந்தையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தலைவரின் அலுவலகத்து ஏர்புலாத் ஒரு தாளோடு வந்து நின்றார். நாற்பது வயது, கழுத்தில் டை. படத்தில் இருப்பவர் மாவட்டத் தலைவரேதான் என்று சந்தைக்காரர் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் ஷாய்மெர்தென்மேல் அவமதிப்பு வழக்கு, வேலையும் போய்விடும். காய்கறிக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கனவே போட்டிருந்தார்கள். அக்கா மறுத்தால் கடை உரிமம் புதுப்பித்து வராது.

"படம் பார்க்கத் தெரிஞ்சவங்க நீங்க. உங்க கையெழுத்துக்குத்தான் அக்கா மதிப்பு" என்றார் ஏர்புலாத்.

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தருகே போனார். "உங்க தலைவரோட அப்பா சௌக்கியமா தம்பி?"

"சௌக்கியம்தான். எண்பத்தி மூணு ஆகுது. ஏன்?"

"அப்பா உசுரோட இருக்கறவன் ஆட்டுத்தலையில கத்தி வைப்பானா? எந்தக் கஸாக் வீட்டுல அப்படி வழக்கம்? அப்ப இது அவரு இல்ல."

"மச்சம் இருக்கே, அக்கா!"

"மச்சம் எங்க மாமனாருக்கும்தான் இருந்துச்சு. இது உங்க தலைவருன்னு நான் எழுதிக் குடுத்தா பெரியவரை உசுரோட பொதைச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு அவரு குதிரைக்கறி வாங்க வருவாரு. 'என்னைச் சாகடிச்சது யாரு'ன்னு கேட்டா உன் பேரைச் சொல்லவா?"

ஏர்புலாத்தின் முகம் சுண்டிவிட்டது. காய்கறிக்காரர்கள் இருவரும் ஓடிவந்து, தங்கள் பெயரை அடித்துத் தரும்படி நச்சரித்தார்கள். ஷாய்மெர்தெனுக்கு ஒன்பது வயதிலேயே தகப்பன் போய்விட்டார். சின்ன வயதிலிருந்து விருந்துகளில் தலை அறுத்துப் பழகிய கை. வரையும்போது இந்த வழக்கம் அவர் புத்திக்கு எட்டியிருக்காது. அந்தப் பிசகுதான் அவர் வேலையைக் காப்பாற்றியது. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

ஏர்புலாத் தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

"வெறுங்கையோட போகாதப்பா" என்று அக்கா நிறுத்தினார். பலகைமேல் இருந்த தலையிலிருந்து இரண்டு காதையும் அறுத்தெடுத்தார். விருந்தில் காதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்போம், பெரியவர்கள் சொல்வதைக் கேட்கட்டும் என்று.

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு உங்க தலைவருக்கு."

கொடுத்த கறியை எங்கள் பக்கம் யாரும் மறுப்பதில்லை. ஏர்புலாத் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.